எந்தப் பக்கம் மேலே

ஜூன் 4, செவ்வாய்

இன்று நாலு வண்டி. இரண்டுக்கு ஆயில் மாற்றினேன், ஒன்றுக்குச் செயின். நாலாவதில் ஒரு குறையும் இல்லை. ஓட்டுகிறவர் வீட்டில் சண்டை போட்டுவிட்டுப் போக்கிடம் இல்லாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். டீ வாங்கிக் கொடுத்து, பிளக்கைத் துடைத்து மாட்டி, "சரியாயிடுச்சு, வீட்டுக்குப் போங்க" என்று அனுப்பினேன்.

சாயங்காலம் வாலு யானையை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து, "அம்மா, முன்சக்கரம் முனகுது" என்றாள். நானும் ஓட்டிப் பார்த்தேன். ஆமாம். அறுபதைத் தாண்டினால் சளி பிடித்தவர் மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம். பேரிங் போய்விட்டது.

யானை என் பெரிய வண்டி, பத்தொன்பது வருடமாக என்னோடு இருக்கிறது. வாலு என் மகள், இருபத்து நாலு வருடமாக இருக்கிறாள். இரண்டும் சேர்ந்து சனிக்கிழமை என்னை விட்டுக் கிளம்புகின்றன. இப்படி எழுதிப் பார்த்தாலாவது உறைக்கிறதா என்று பார்க்கிறேன். உறைக்கவில்லை.

மலைக்கு அந்தப் பக்கம் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தப் பரிசோதனை வேலை. புதன்கிழமை சேர வேண்டும்.

இவர், என் வீட்டுக்காரர், பார்த்துக்கொள்கிற பள்ளிக்கூட நூலகத்தை மராமத்துக்காக மூடியாயிற்று. அதாவது என் ஒர்க்ஷாப்புக்குக் கண்டம் ஆரம்பம். இன்று ஸ்பேனர்களை அளவு வாரியாக அடுக்கி ஒவ்வொன்றின் கீழும் சீட்டு ஒட்டியிருக்கிறார். "எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்ங்க" என்றேன். "உனக்குத் தெரியும், மத்தவங்களுக்கு?" என்கிறார். எந்த மற்றவர்கள்? இங்கே இருப்பதே நான் ஒருத்தி.

ஜூன் 5, புதன்

மறுபடியும் அதே பேச்சு. பஸ்ஸில் போ, வண்டியை அப்புறம் வேனில் ஏற்றி அனுப்புகிறேன் என்றேன். மூன்று நாள் பாதை. அதில் ஒரு முழு நாள் மலை. ஏறுவதைக்கூட விட்டுவிடலாம், அந்தப் பக்கம் முப்பது கிலோமீட்டர் ஒரே இறக்கம். ஒரு கையளவு தடுப்புச் சுவர், அதற்கு அப்பால் ஒன்றுமே இல்லை.

வாலு தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "ஊர்ல இருக்கிற எல்லா வண்டியையும் நம்பி அனுப்பற. என்னை மட்டும் நம்ப மாட்டேங்கற."

சுருக்கென்றது. சுருக்கென்றால் நான் என்ன செய்வேன்? கத்துவேன். கத்தினேன். "எக்கேடோ கெட்டுப் போ" என்றுகூட வாயில் வந்துவிட்டது. இவர் எழுந்து போய், ஏற்கெனவே அணைத்திருந்த அடுப்பை இன்னொரு தடவை அணைத்தார்.

யாரும் படிக்கப் போவதில்லை, உண்மையை எழுதிவிடுகிறேன். பள்ளம் மட்டும் இல்லை பயம். பஸ்ஸில் போனால், பிடிக்காவிட்டால் பத்து நாளில் பஸ் ஏறித் திரும்பி வந்துவிடுவாள் என்று ஒரு நப்பாசை. வண்டியோடு போகிறவள் அங்கேயே இருந்துவிடுவாள்.

ஜூன் 6, வியாழன்

முன்சக்கரத்தைக் கழற்றினேன். டயர், டிஸ்க் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பழைய பேரிங் இரண்டையும் தட்டி வெளியே தள்ளினேன். விரலை விட்டுச் சுற்றினால் மணலைக் கடிப்பது போலக் கரகரத்தது. இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் விட்டிருந்தால் உடைந்தே போயிருக்கும்.

யானையிடம் ஒரு கள்ளத்தனம் உண்டு. மற்ற வண்டிகளில் டிஸ்க் ஒரு பக்கம்தான். அதனால் எந்தப் பக்கம் எது என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். யானைக்கு முன்சக்கரத்தில் இரண்டு பக்கமும் டிஸ்க். கழற்றி வைத்துவிட்டால் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் நடுவில் பேரிங் உட்காருகிற குழி இரண்டும் ஒன்றல்ல. வலப்பக்கத்துக் குழியில்தான் முதல் பேரிங்கை அடியில் முட்டும்வரை அடித்து இறக்க வேண்டும். பிறகு நடுவில் நிற்கும் குழாயைப் போட வேண்டும். பிறகு இடப்பக்கத்துப் பேரிங். அந்தக் குழி சற்று ஆழம். பேரிங் அடிவரை போகக் கூடாது, குழாயைத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும். மாற்றி, இடப்பக்கத்தை முதலில் அடிவரை அடித்தால் சக்கரம் ஒரு நகக்கனம் ஒதுங்கி உட்காரும். டிஸ்க் பிரேக் கட்டையை உரசிக்கொண்டே ஓடும். சமதரையில் தெரியாது. நீள இறக்கத்தில் சூடேறி, சூடேறி, பிடிக்க வேண்டிய நேரத்தில் பிரேக் பிடிக்காது.

இதற்கு என் வழி ஒன்றே ஒன்று. முதலில் அடிக்க வேண்டிய பக்கம் மேலே பார்க்க, சக்கரத்தை ஒரு பழைய டயர் மேல் படுக்க வைப்பேன். சாக்பீஸ், பெயிண்ட் எதுவும் கிடையாது. மேலே இருப்பது முதல். இருபத்தாறு வருடமாக இதுதான். வெர்னியரை வைத்துக் குழியின் ஆழத்தை அளந்தாலும் எது எது என்று தெரிந்துவிடும்தான். வாலு சொல்லிக்கொண்டே இருப்பாள், "கண்ணாடி போட்டு அளந்து பாரும்மா" என்று. என் கைக்குத் தெரியாததா கண்ணாடிக்குத் தெரியப் போகிறது?

இன்றும் அப்படித்தான், வலப்பக்கம் மேலே வைத்தேன். அந்த நேரம் பார்த்து வாலு வந்து, "வழியில போன் பண்ணாதம்மா. போய்ச் சேர்ந்ததும் நானே பேசறேன்" என்றாள். நான் ஏதோ சொல்ல, அவள் ஏதோ சொல்ல, சுத்தியலை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். சாப்பாடு இறங்கவில்லை. ஒரு மணி நேரம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

திரும்பி வந்து பேரிங்கை அடித்தேன். அடியில் முட்டும்போது சுத்தியல் சத்தம் மாறும். டொக் டொக் என்று போய்க்கொண்டிருப்பது டங் என்று கெட்டிப்படும். அந்த டங் கேட்டது. கொஞ்சம் வேகமாகத்தான் அடித்தேன். யார் மேல் இருந்த கோபமோ, பாவம், பேரிங் வாங்கிக்கொண்டது.

ஜூன் 7, வெள்ளி

டயர், டிஸ்க், புது பிரேக் கட்டை, எல்லாம் மாட்டியாயிற்று. சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காதை வைத்தேன். உஸ்ஸென்று மெல்லிய சத்தம். புதுக்கட்டை, இரண்டு நாள் உரசத்தான் செய்யும். தெருமுனை வரை ஓட்டினேன். முனகல் போயே போய்விட்டது.

வாலுவோடு பேச்சில்லை.

ஜூன் 8, சனி

ஏழு மணிக்குக் கிளம்பிவிட்டாள்.

பின்னால் இரண்டு பை. இவர் கயிறு கட்டினார், அதை அவிழ்த்து நான் கட்டினேன், அதை அவிழ்த்து அவள் கட்டினாள். டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். நேற்றுத்தான் பார்த்தேன். குனிந்தபடியே இருந்தேன், நிமிர்ந்தால் முகம் தெரியும்.

ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, "வரேம்மா" என்றாள். நான் "ம்" என்றேன். இருபத்து நாலு வருடம் வளர்த்து ஒரு "ம்". தெருமுனையில் திரும்பும்போது இடது கையைத் தூக்கினாள். நானும் தூக்கினேன், கையில் கிரீஸ் துணி இருந்தது.

இவர் நாள் முழுக்கக் கூட்டினார்.

ஜூன் 9, ஞாயிறு

மூன்று மணிக்கு இவர் போனில் ஒரு செய்தி: "அடிவாரம் வந்தாச்சு. நாளைக்கு மலை." எனக்குத் தனியாக எதுவும் இல்லை. போகட்டும்.

ஜூன் 10, திங்கள், காலை

இந்த மனுஷனை என்ன செய்தால் தகும்?

எட்டரை மணிக்குத் தபால்காரர் வண்டியின் பின்சக்கரத்தைக் கழற்றிப் படுக்க வைத்தேன். இவர் துடைப்பத்தோடு வந்தார். "கொஞ்சம் இரு, அடியில கூட்டிடறேன்" என்று சக்கரத்தை இரண்டு கையாலும் தூக்கிச் சுவரில் சாய்த்தார், கூட்டினார், எடுத்து மறுபடி வைத்தார். அடிப்பக்கம் மேலே வந்துவிட்டது.

"பக்கம் மாறிப்போச்சுங்க."

"சக்கரத்துக்கு என்ன பக்கம்? ரெண்டு பக்கமும் சக்கரம்தானே? அன்னைக்கு யானை சக்கரத்தையும் இப்படித்தான் எடுத்துக் கூட்டினேன். அடியில எவ்வளவு குப்பை இருந்துச்சு தெரியுமா?"

"என்னைக்கு?"

"வியாழக்கிழமை. நீ கோவிச்சுக்கிட்டுப் போய்ப் படுத்தியே, அப்போ."

பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்துவிட்டேன். மேலே இருப்பது முதல். மேலே இருந்ததைத்தானே நான் அடித்தேன். எதை மேலே வைத்தேன், எது மேலே இருந்தது?

வாலுவுக்குப் போன் போட்டேன். எல்லைக்கு வெளியே இருக்கிறாளாம். பதினோரு தடவை போட்டேன். பதினோரு தடவையும் அந்தப் பொம்பளை ஒரே குரலில் அதையே சொல்றா. அவளுக்கு என்ன, அவ பொண்ணா மலை ஏறுது?

உஸ்ஸென்ற சத்தம். புதுக்கட்டை என்று நினைத்தேனே. புதுக்கட்டைதானா அது?

அதே நாள், மதியம்

பரணில் யானையின் பழைய ஹப், அதாவது பேரிங் உட்காருகிற சக்கரத்தின் நடுப்பாகம், ஒன்று கிடந்தது. விரிசல் விட்டதால் மாற்றியது. அதை எடுத்து டயர் மேல் வைத்து, "எப்படித் தூக்கினீங்க, எப்படி வச்சீங்க, செஞ்சு காட்டுங்க" என்றேன். செய்தார். பக்கம் மாறியது. "நிச்சயமா இப்படித்தானா?" மறுபடி செய்தார். இந்தத் தடவை மாறவில்லை. "எது சரி?" என்று கத்தினேன். "நீ இப்படி முறைச்சா எனக்குக் கை எப்படிம்மா ஞாபகம் வரும்?" என்றார். எட்டுத் தடவை செய்யச் சொன்னேன். ஐந்து தடவை மாறியது, மூன்று தடவை மாறவில்லை. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அந்த ஹப்பில் கண்ணாடி போட்டு, வெர்னியர் வைத்து அளந்தேன். ஒரு நிமிஷ வேலை. வலது குழி ஒரு அளவு, இடது குழி ஒரு அளவு, பளிச்சென்று தெரிகிறது. ஒரு நிமிஷம். வியாழக்கிழமை எனக்கு அந்த ஒரு நிமிஷம் இல்லாமல் போய்விட்டது.

இவரைத் திட்டுவதில் அர்த்தமில்லை. அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தவள்தான் பார்த்திருக்க வேண்டும். அதைவிட மோசமாக ஒன்று தோன்றுகிறது, எழுதவே கை வரவில்லை. அவள் போகக் கூடாது என்று உள்ளே ஒருத்தி சொல்லிக்கொண்டே இருந்தாளே. அவள்தான் என்னைப் பார்க்க விடாமல் செய்தாளா? வேண்டுமென்றா? சேச்சே. அப்படி ஒரு தாய் இருப்பாளா? ஆனால் "எக்கேடோ கெட்டுப் போ" என்று சொன்ன வாய் இதே வாய்தானே.

பத்தரை மணிக்குப் பார்சல் வேன்காரர் ஞாபகம் வந்தது. திங்கட்கிழமை மலையைத் தாண்டி இந்தப் பக்கம் வருவார். கிளச் கேபிளுக்கு என்னிடம்தான் வருவார். போன் போட்டேன், நல்லவேளை எடுத்தார். சாம்பல் நிறப் பெட்ரோல் டேங்க், பின்னால் இரண்டு பை, எதிரில் வந்தால் எப்படியாவது நிறுத்துங்கள், முன்சக்கரத்தைத் தொட்டுப் பார்க்காமல் இறங்க வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றேன்.

"நிறுத்தினா நிக்கிற பொண்ணாக்கா அது?" என்றார்.

அதே நாள், சாயங்காலம்

வேன்காரர் கூப்பிட்டார். பார்த்துவிட்டாராம்! உச்சிக்கு இரண்டு வளைவு கீழே, எதிரில் வந்தாளாம்.

"ஹார்ன் அடிச்சேன்க்கா. விடாம அடிச்சேன்."

"நின்னாளா?"

"அதுவும் திருப்பி ஹார்ன் அடிச்சுது. சிரிச்சுது. கையக் காட்டிட்டுப் போயிடுச்சு. நான் லோடோட வளைவுல எப்படிக்கா திருப்பறது?"

எத்தனை மணிக்கு என்று கேட்டேன். பதினொன்றரைக்காம். இப்போது ஐந்து. அப்படியென்றால் எப்போதோ இறங்க ஆரம்பித்திருப்பாள். எப்போதோ இறங்கி முடித்திருப்பாள். அல்லது.

அல்லது என்று எழுதிவிட்டு அடுத்த வார்த்தை எழுத மாட்டேன்.

இவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். துடைப்பத்தை எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டார். "நான்தான் காரணம்னு ஆயிட்டா?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணமான புதிதில் பிடித்தது.

ஜூன் 11, செவ்வாய்

பேசிவிட்டாள். பேசிவிட்டாள். பேசிவிட்டாள்.

பன்னிரண்டே கால் மணிக்குத் தெரியாத எண் ஒன்றிலிருந்து அழைப்பு. எடுக்கும்போது போன் தரையில் விழுந்துவிட்டது, குனிந்து எடுத்தேன்.

"அம்மா, நான்தான். இங்க டவர் ரெண்டு நாளா வேலை செய்யலை. ஆஸ்பத்திரி போன்லேர்ந்து பேசறேன்."

"டிஸ்க் சூடாச்சா?"

"என்னது?"

"இறக்கத்துல. முன்னாடி டிஸ்க். சூடாச்சா? தொட்டுப் பார்த்தியா? பிரேக் பிடிச்சுதா?"

"வந்து சேர்ந்தியா, சாப்பிட்டியான்னு கேக்க மாட்டியாம்மா நீ?"

அப்புறம்தான் அழுதேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். அப்பா கூட்டினது, சக்கரம் புரண்டது, வேன்காரர், பரணில் இருந்த ஹப், எட்டுத் தடவை. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன். பார்த்தால் சிரிக்கிறாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சத்தம்.

"அப்பா கூட்டினதை நான் ஜன்னல்லேர்ந்து பார்த்துக்கிட்டுதான்மா இருந்தேன். உள்ள போகட்டும்னு இருந்துட்டு வந்து வெர்னியர் வச்சு அளந்தேன். இடப்பக்கம்தான் மேல இருந்துச்சு. திருப்பி வச்சுட்டுப் போயிட்டேன்."

"ஏன்டி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?"

"நீ பேசற நிலைமையிலயா இருந்த? அதுவும் இல்லாம, சொன்னா அப்பாவை யாரு காப்பாத்தறது?"

அதோடு விட்டாளா? மறுபடி யாராவது வந்து புரட்டிவிடப் போகிறார்கள் என்று வலப்பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தாளாம். சிவப்பு நெயில்பாலிஷ். பரிசோதனைக் கண்ணாடித் துண்டுகளின் ஓரத்தை ஒட்டுவதற்கு அவளுடைய பையில் எப்போதும் ஒரு பாட்டில் இருக்கும். "டிஸ்க் உக்கார்ற இடத்துல வச்சேன். டிஸ்க்கை மாட்டினா மறைஞ்சிடும். நீ கண்ணாடி போட்டிருந்தா மாட்டறதுக்கு முன்னாடியே பார்த்திருப்ப."

கண்ணாடியை எடுத்து முந்தானையில் துடைத்தேன்.

"சரி, நான் அடிச்சதுக்கப்புறம் மறுபடி பார்த்துட்டுத்தானே கிளம்பின?" என்று கேட்டேன். அவளுடைய கை அப்படிப்பட்ட கைதான், எதையும் இரண்டு தடவை அளக்கும்.

"இல்லையே."

"ஏன்?"

"அப்புறம் நீ அடிச்சியேம்மா. அதுக்கு மேல எதுக்குப் பார்க்கணும்?"

இதை அவள் சாதாரணமாகச் சொன்னாள். நேரமாயிற்று, வேறு யாரோ போனுக்கு நிற்கிறார்கள் என்று வைத்துவிட்டாள். நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். என்னைக் கேட்டால், ஒரு மெக்கானிக்குக்கு இதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.

இவரிடம் சொன்னேன். நேராகப் போய்ப் பீரோவுக்குப் பின்னால் கையை விட்டுத் துடைப்பத்தை எடுத்தார். இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. மதியச் சாப்பாட்டை மூன்று மணிக்குச் சாப்பிட்டோம், நான் இரண்டு தடவை போட்டுக்கொண்டேன்.

ஜூன் 12, புதன்

வேன்காரருக்குச் சொல்லியாயிற்று. "அதான் சிரிச்சுக்கிட்டே போச்சேக்கா, பிரேக் இல்லாத பொண்ணு அப்படியா சிரிக்கும்?" என்கிறார். இதை நேற்று முன்தினமே சொல்லியிருக்கலாம் இல்லையா இந்த ஆள்?

இன்று வாலு வேலைக்குச் சேருகிறாள். எனக்கு இன்று வண்டிகளின் சத்தமெல்லாம் நன்றாகவே கேட்கிறது. தபால்காரர் வண்டி சரியாகிவிட்டது.

ஜூன் 19, புதன்

நம்பிவிட்டேன். நம்பத்தான் செய்கிறேன். இருந்தாலும் அந்தப் புள்ளியை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது. இவரிடம் சொன்னால், "புள்ளியைப் பார்க்கணுமா, பொண்ணைப் பார்க்கணுமா?" என்கிறார். நூலகத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து மனுஷனுக்குக் கேள்வி கேட்கத் தெரிந்திருக்கிறது.

ஜூலை 6, சனி

பஸ்ஸில் இரண்டு நாள். மலையில் ஏறும்போது தூங்கினேன், இறங்கும்போது கண்ணை மூடவே இல்லை. முப்பது கிலோமீட்டரையும் ஒவ்வொரு வளைவாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். இதிலா வந்தாள்? டிரைவர் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் நானும் மிதித்தேன். இவர் என் முழங்காலைத் தட்டிக்கொண்டே வந்தார்.

வாலுவின் வீடு ஒரே அறை. ஜன்னலுக்குக் கீழே யானை நிற்கிறது. மேலே ஒரு தார்ப்பாய், நாலு மூலையிலும் கல். கட்டில், ஒரு அடுப்பு, சுவரில் இரண்டு வாரத்துக்கான வேலை நேரம் ஒட்டியிருக்கிறது. எழுத்து அவளுடையது, சீட்டு ஒட்டும் புத்தி இவருடையது. இளைத்துவிட்டாள் என்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். இளைக்கவில்லை. நன்றாக இருக்கிறாள். பக்கத்து அறை நர்ஸம்மா கதவைத் தட்டி, "இவங்கதான் அந்த அம்மாவா?" என்று எட்டிப் பார்த்தார். எந்த அம்மா என்று கேட்கவில்லை. கதை ஆஸ்பத்திரி முழுக்கப் போயிருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

ஜூலை 7, ஞாயிறு

காலையில் டீ குடித்துவிட்டு, "முன்சக்கரத்தைக் கழற்றலாமா?" என்றேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குத்தான் வந்திருக்கிறேன் என்று இருவருக்கும் தெரியும் போல.

வாலு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாள். இவர் வண்டியைப் பிடித்துக்கொண்டார். சக்கரம் வெளியே வந்தது. முதலில் பேரிங்கில் விரலை விட்டுச் சுற்றினேன், வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. பிரேக் கட்டை இரண்டு பக்கமும் ஒரே அளவில் தேய்ந்திருக்கிறது. இதற்கு மேல் பார்க்கவே வேண்டாம், இதுவே சாட்சி. ஆனாலும் டிஸ்க்கின் ஐந்து போல்ட்டையும் கழற்றினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். யாரும் சொல்லவில்லை, நானே போட்டுக்கொண்டேன்.

இருந்தது. கடுகளவு ஒரு சிவப்புப் புள்ளி. பிரேக் தூசி படிந்து ஓரம் கறுத்திருந்தது. நடுவில் இன்னும் பளபளவென்று இருந்தது.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தபோது, என்மேல் அவ்வளவு கோபம் இருந்தும், இங்கே குனிந்து உட்கார்ந்து இவள் இதை வைத்திருக்கிறாள். என்னை எழுப்பவில்லை, இவரைக் காட்டிக் கொடுக்கவில்லை, என் வேலையை எடுத்துத் தான் செய்யவும் இல்லை. எனக்கு வேண்டியதை எனக்கு வேண்டிய இடத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். இவளைத்தான் நம்பவில்லை என்று சொன்னேன்.

"மன்னிச்சுக்கடி" என்றேன்.

"எதுக்கு?"

"அன்னைக்கு 'ம்'னு மட்டும் சொன்னேன்ல. கிளம்பும்போது."

"நீ டயருக்குக் காத்துப் பார்த்த பார்வையிலேயே தெரிஞ்சுதும்மா" என்றாள். குரல் கொஞ்சம் உடைந்தது, உடனே சரி செய்துகொண்டாள். அதுவும் என்னைப் போலத்தான்.

சக்கரத்தை மாட்டினோம். புள்ளியைத் துடைக்கவில்லை, டிஸ்க்கை அதன் மேலேயே வைத்து முடுக்கினேன். எப்போது திரும்பி வருவாய் என்று கேட்க நினைத்தேன். சுவரில் ஒட்டியிருந்த வேலை நேரத்தைப் பார்த்தேன். கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று நினைக்கவே இல்லை.

பஸ் ஏறும்போது என் கைப்பைக்குள் எதையோ திணித்தாள். வீட்டுக்குப் போய்ப் பார் என்றாள். நான் எப்போது சொன்னதைக் கேட்டிருக்கிறேன்? முதல் வளைவிலேயே பார்த்துவிட்டேன். நெயில்பாலிஷ் பாட்டில், பாதி இருக்கிறது.

ஜூலை 11, வியாழன்

பாட்டிலுக்கு இவர் சீட்டு ஒட்டியாயிற்று. "வலது" என்று எழுதி, வெர்னியர் பக்கத்தில் ஆணி அடித்துத் தொங்கவிட்டிருக்கிறார். நூலகம் திறக்க இன்னும் நாலு நாள்தான். போய்விட்டால் ஒர்க்ஷாப் வெறிச்சென்று ஆகிவிடும் என்று தோன்றுகிறது. இதை அவரிடம் சொல்லப் போவதில்லை.

காலையில் யானையின் ஜாதியிலேயே ஒரு வண்டி வந்தது, இரண்டு டிஸ்க். பேரிங் முனகல். சக்கரத்தைக் கழற்றினேன், பழையதைத் தட்டி எடுத்தேன். கண்ணாடி போட்டேன். இரண்டு குழியையும் அளந்தேன். வலப்பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்து, காயும்வரை ஊதினேன். டயர் மேல் படுக்க வைத்தேன்.

பிறகு இவரைக் கூப்பிட்டு, "இப்போ கூட்டிக்கோங்க" என்றேன்.